அஸ்தம்பட்டி மாடி வகுப்பு: ‘யூஸ்ட் டு’ குழப்பம் தீர வேண்டுமென்றால் இங்கே போங்கள்

சேலத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்து ரோடு பக்கம் நடந்தால் பலகை பலகையாகக் கண்ணில் படும். நான் இங்கே சொல்லப்போகிற வகுப்புக்குப் பலகை கிடையாது. அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால் ஒரு பழைய வீடு, அதன் மாடி. கேட்டில் ‘ஆங்கில வகுப்பு, மாடிக்கு வரவும்’ என்று கையால் எழுதிய அட்டை தொங்கும், அவ்வளவுதான். நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்லூரிப் பெண்களுக்கும் அவர் மிஸ்தான், வெள்ளிப் பட்டறை நடத்தும் ஐம்பது வயது அண்ணனுக்கும் மிஸ்தான்.

நான் ஏற்காட்டில் ஒரு சின்ன காட்டேஜில் ரிசப்ஷன் பார்க்கிறேன். பெங்களூரிலிருந்து வருகிறவர்களும், அவ்வப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் என்னிடம்தான் முதலில் பேசுவார்கள். சனி, ஞாயிறு அசைய முடியாது. செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பு. பெரியவர்களுக்கான பேட்ச் செவ்வாயும் வியாழனும் மதியம் நடக்கிறது. செவ்வாய் மட்டும் வரலாமா என்று கேட்டேன், மிஸ் சரி என்றார். வியாழன் பாடத்தைப் பக்கத்து இருக்கைப் பெண் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறாள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, திரும்ப மலையேறுகிறேன். அந்த அலைச்சலுக்கு இந்த வகுப்பு தகும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முக்கியமான காரணம், மிஸ் அவசரப்படுவதில்லை. இதற்கு முன்பு நான் சேர்ந்திருந்த வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ‘யூஸ்ட் டு’ என்பதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். ‘கடந்த காலப் பழக்கத்துக்கு இதைப் போடவும்’ என்று ஒரு வரி, கீழே பத்து வாக்கியம், மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். மிஸ் அதே விஷயத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். ஒரு சின்னச் சொற்றொடருக்கு ஒரு மாதமா என்று கேட்பீர்கள். நம் ஊரில் அதைப் பேசுகிற விதத்தைக் கவனித்தால் ஒரு மாதம் அதிகமில்லை என்று தெரியும்.

முதல் நாள் பாடம் இப்படி ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தினமும் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் எழுந்து, “ஐ யூஸ்ட் டு டிரிங்க் டீ எவ்ரி மார்னிங், மிஸ்” என்றார்.

“அப்போ இப்ப டீயை விட்டுட்டீங்களாண்ணா?”

“இல்லீங்க மிஸ். இப்பக்கூட ஒண்ணு குடிச்சிட்டுத்தான் வர்றேன்.”

“நீங்க சொன்னதுக்கு, முன்னாடி குடிச்சீங்க, இப்ப குடிக்கறதில்லைன்னு அர்த்தமாகுதுங்க.”

வகுப்பே அமைதியாகிவிட்டது. அங்கே இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘ஐ யூஸ்ட் டு கோ டு டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே’ என்று சொல்லிவிட்டு வருகிற வெள்ளிக்கிழமையும் கோவிலுக்குப் போகிறவர்கள்தானே நாம் எல்லோரும். நமக்குள் பேசும்போது எப்படியோ புரிந்துவிடுகிறது. ஆனால் இங்கிலாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்தவர் காதில், அந்தப் பழக்கம் முடிந்துபோய்விட்டது என்றுதான் விழும். இப்போதும் செய்கிறீர்கள் என்றால் ‘ஐ டிரிங்க் டீ எவ்ரி மார்னிங்’ போதும். அழுத்த வேண்டுமென்றால் நடுவில் ‘யூஷுவலி’ போட்டுக்கொள்ளலாம். இந்த ‘யூஸ்ட் டு’வுக்கு நிகழ்கால வடிவமே கிடையாது என்று மிஸ் போர்டில் பெரிதாக எழுதிவைத்தார். அந்த வரியை அந்த மாதம் முழுக்க அவர் அழிக்கவே இல்லை.

இது இலக்கணப் புத்தகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. எங்கள் பேட்சில் ஒரு நர்சிங் பெண் இருக்கிறாள், வெளிநாட்டு மருத்துவமனை இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். ‘ஐ யூஸ்ட் டு ஒர்க் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்று அவள் சொன்னால், முன்பு இரவுப் பணி பார்த்தாள், இப்போது இல்லை என்று ஆகும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு ஒர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால், இரவுப் பணி எனக்குப் பழகிய ஒன்று, சிரமமில்லை என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் கேட்க விரும்புவது இரண்டாவதைத்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு ‘ஆம்’, ஒரு ‘இங்’, அவ்வளவுதான் வித்தியாசம். மிஸ் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, அவளுடைய சொந்த வேலையை வைத்தே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார். அவள் குரலில் தயக்கம் போகும்வரை அடுத்தவரிடம் போகவில்லை. இப்படி ஒருவருக்காக மொத்த வகுப்பையும் நிறுத்திவைப்பதை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

அந்த ‘இங்’ எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். பழைய வழக்கத்தைச் சொல்லும் ‘யூஸ்ட் டு’வில் வருகிற ‘டு’வுக்குப் பின்னால் வெறும் வினை வரும்: ‘யூஸ்ட் டு ஒர்க்’, ‘யூஸ்ட் டு லிவ்’. ‘ஆம் யூஸ்ட் டு’வில் வருகிற ‘டு’ வேறு. அது பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொள்கிற ‘டு’. அதனால் பின்னால் ஒரு பெயர் வரலாம், ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி கோல்டு’ என்பது போல. வினை வந்தால் அது ‘இங்’ சேர்த்துக்கொண்டு பெயராக மாறித்தான் வரும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதில் வருவதும் இதே ‘டு’தான். எங்கள் காட்டேஜிலிருந்து கெஸ்ட்டுகளுக்குப் போகிற மெயில்களின் கடைசியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று ஒரு வரி நிரந்தரமாக இருந்தது. யார் எழுதிவைத்ததோ தெரியாது. அடுத்த நாளே அதை ‘மீட்டிங் யூ’ என்று மாற்றினேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அரிவாள்மணை வகுப்பு. மிஸ் கீழே சமையலறைக்குப் போய்த் தன் அம்மாவின் அரிவாள்மணையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். பலகை தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது, அலகின் ஓரம் மெலிந்து பளபளத்தது. அதைக் காட்டி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். ‘திஸ் இஸ் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்’: இது காய் நறுக்கப் பயன்படுகிறது. ‘மை மதர் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ் வித் திஸ்’: அம்மா அந்தக் காலத்தில் இதில்தான் நறுக்குவார். ‘ஐ ஆம் யூஸ்ட் டு கட்டிங் வெஜிடபிள்ஸ் வித் திஸ்’: எனக்கு இதில் நறுக்கிப் பழக்கம். ‘மை டாட்டர்-இன்-லா இஸ் கெட்டிங் யூஸ்ட் டு இட்’: மருமகள் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒரே பொருள், எழுத்தில் ஒரே மாதிரி தெரிகிற ‘யூஸ்ட் டு’, நாலு வேலை.

அப்புறம் எங்கள் எல்லோரையும் தொண்டையில் கை வைக்கச் சொன்னார். ‘பயன்படுகிறது’ என்ற அர்த்தத்தில் சொல்லும்போது நடு ஒலி அதிரும், விரலில் தெரியும். மற்ற மூன்றிலும் அந்த இடத்தில் அதிர்வு இருக்காது, காற்று மட்டும் சீறும். இந்த மூன்றிலும் ‘ட்’டும் அடுத்த ‘டு’வும் ஒட்டிக்கொண்டு ‘யூஸ்ட்டு’ என்று ஒரே சொல்லாகத்தான் காதில் விழும். எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் இரண்டையும் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார்கள், அதனால்தான் வெளிநாட்டுக்காரர் வேகமாகச் சொல்லும்போது நமக்குப் பிடிபடுவதில்லை என்றார். தொண்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் அது மறக்காது.

கேள்வி கேட்பதும் மறுப்பதும் சீக்கிரமே முடிந்தது. ‘டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?’, ‘ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காஃபி’. ‘டிட்’ வந்துவிட்டால் எழுதும்போது கடைசி ‘டி’ எழுத்தை எடுத்துவிட வேண்டும். பேசும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். இன்னொரு விதியும் சொன்னார். இத்தனை வருடம், இத்தனை தடவை என்று கணக்குச் சொன்னால் ‘யூஸ்ட் டு’ வராது. ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் ஆத்தூர் ஃபார் டென் இயர்ஸ்’ தவறு, ‘ஐ லிவ்டு இன் ஆத்தூர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று நேரடியாகச் சொல்லிவிட வேண்டும்.

‘வுட்’ பாடம்தான் இந்த வகுப்பின் உச்சம் என்பேன். தமிழில் நாம் பழைய நினைவைச் சொல்லும்போது எதிர்கால வினையைத்தான் பயன்படுத்துகிறோம். ‘சின்ன வயசுல ஞாயித்துக்கிழமையானா ஏரிக்குப் போவோம்’ என்கிறோம். ‘நாளைக்குப் போவோம்’ என்பதிலும் அதே ‘போவோம்’தான். அதனால்தான் நம் பிள்ளைகள் ‘வென் ஐ வாஸ் ஸ்மால், வி வில் கோ டு தி லேக்’ என்கிறார்கள். வேறு வகுப்பாக இருந்தால் தப்பு என்று அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மிஸ் அப்படிச் செய்யவில்லை. உங்கள் காது சரியான இடத்துக்குத்தான் போகிறது, ஒரு படி கீழே இறங்கினால் போதும், ‘வில்’லை ‘வுட்’ ஆக்குங்கள் என்றார். ‘வி வுட் கோ டு தி லேக் எவ்ரி சண்டே.’ வாக்கியம் சரியாகிவிட்டது. தமிழைக் குறையாகப் பார்க்காமல் அதிலிருந்தே ஏணி போட்டுக் கொடுக்கிற ஆசிரியர் கிடைப்பது லேசில்லை.

ஆனால் ‘வுட்’ எங்கும் வராது. திரும்பத் திரும்ப நடந்த செயலுக்குத்தான் வரும். நிலைக்கு வராது. இதை விளக்க மிஸ் எடுத்தது எல்லாமே எங்கள் ஊர் விஷயங்கள். தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது, நாமக்கல் 1997 வரை இருந்தது. அது ஒரு நிலை. ஆகவே ‘நாமக்கல் யூஸ்ட் டு பி பார்ட் ஆஃப் சேலம் டிஸ்ட்ரிக்ட்’தான், ‘வுட் பி’ வராது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எங்களோடு படிக்கிறார். அவர் உடனே எழுந்து, சேலம் முன்பு பாலக்காடு கோட்டத்தில் இருந்ததையும் 2007 நவம்பரில் தனிக் கோட்டமானதையும் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொல்லி முடித்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டோம், எல்லோரும் கை தட்டினோம்.

அடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு ரோட்டில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோவில் இன்று நின்றுகொண்டிருப்பது அந்த முகப்பு வளைவு. ‘தேர் யூஸ்ட் டு பி எ ஃபிலிம் ஸ்டுடியோ ஹியர். ஆக்டர்ஸ் வுட் கம் ஃப்ரம் மெட்ராஸ். தே வுட் ஷூட் ஆல் டே.’ முதல் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’ போட்டு, நாம் பழைய காலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று கேட்பவருக்குக் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ‘வுட்’டாகவே ஓட்டிக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் பெரியவர்கள் கதை சொல்கிற முறையே இதுதானாம். தமிழில் ‘அந்த முக்குல ஒரு டீக்கடை இருக்கும்’ என்று பழைய கடையை நினைத்துச் சொல்கிறோமே, அதை நம்பி ‘தேர் வுட் பி எ டீ ஷாப்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். அங்கே ‘யூஸ்ட் டு’தான்.

இந்தப் பாடம் வேலையில் எனக்கு எப்படி உதவியது என்று சொல்ல வேண்டும். ஏற்காட்டில் பழைய உறைவிடப் பள்ளிகள் உண்டு. அங்கே படித்தவர்கள் வயதான பிறகு குடும்பத்தோடு ஊரைப் பார்க்க வருவார்கள். அப்படி ஒரு பெரியவர் வந்தார், வெளிநாட்டில் குடியேறியவர், தமிழ் சுத்தமாக மறந்துபோயிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு ரிசப்ஷன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தவர் பேச ஆரம்பித்தார். ‘வி யூஸ்ட்டு வாக் டவுன் டு தி லேக்’ என்று தொடங்கி, அப்புறம் வரிசையாக ‘வுட்’, ‘வுட்’ என்றே போனது: மழைக்கு ஒதுங்குவார்கள், ஆரஞ்சு வாங்கித் தின்பார்கள், பள்ளிக்கூடத்துத் துறவியான பிரதர் ஒருவர் சைக்கிளில் துரத்திக்கொண்டு வருவார். ‘வுட்’ என்றால் ஏதோ ஆசை, ஏதோ வேண்டுகோள் என்று முன்பெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர். அவர் சொல்வது நடந்த கதை என்று அந்த முதல் ‘யூஸ்ட்டு’விலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. ‘வேர் டிட் யூ யூஸ் டு ஸ்டே ஆன் ஹாலிடேஸ்?’ என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினார், அவருடைய பேத்தியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஆத்தூரிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள் என்று சொன்னேன். பனி ஒத்துக்கொண்டதா என்று கேட்டார். ‘அட் ஃபர்ஸ்ட் ஐ வாஸ்ன்ட் யூஸ்ட் டு இட். ஸ்லோலி ஐ காட் யூஸ்ட் டு இட். நவ் ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ என்றேன். பழகவில்லை, பழகினேன், பழகிவிட்டது. மிஸ் போர்டில் போட்ட மூன்று படி அப்படியே வந்தது.

சரி, குறைகள். காதால் கேட்டுப் பழகுவதற்கு இங்கே ஏற்பாடு போதாது. மிஸ்ஸின் உச்சரிப்பு மட்டும்தான் காதில் விழுகிறது. விதவிதமான நாட்டுக்காரர்கள் பேசுகிற ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும். ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினால் போதும், இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஐஇஎல்டிஎஸ், ஓஇடி போன்ற ஆங்கிலத் தேர்வுகளுக்கு மட்டும் தயாராகிறவர்களுக்கு இது பத்தாது. இலக்கணம் கெட்டியாகும், ஆனால் தேர்வுப் பயிற்சியைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மிஸ்ஸும் அதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். சான்றிதழ் கிடையாது. அச்சிட்ட புத்தகமும் கிடையாது, எல்லாம் கையால் நோட்டில் எழுதிக்கொள்வதுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது, எழுதினால்தான் எனக்கு நிற்கும். வேகமாக எழுத வராதவர்களுக்குச் சிரமம். மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மே மாதம் ஓட்டு மாடியில் மதிய வெயில் தாங்காது, மின்விசிறி இரண்டுதான். பேட்ச் ஆரம்பிக்கப் பத்து நிமிடம் தாமதமாவதும் உண்டு, மலைக்குக் கடைசி பஸ்ஸைக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிது.

வீட்டுப்பாடம் தவறாமல் உண்டு. அந்த மாதம் கொடுத்தது: உங்கள் தெருவில் முன்பு இருந்து இப்போது இல்லாத ஐந்து விஷயங்கள், உங்களுக்குப் பழகிப்போன ஐந்து விஷயங்கள், இன்னும் பழகாத ஒன்று. சொந்த வாழ்க்கையை எழுத வேண்டியிருப்பதால் யாரும் பார்த்து எழுத முடியாது. திருத்தித் தருகிறபோது சிவப்பு மை போடமாட்டார், பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதுவார். ‘இப்போதும் செய்கிறீர்களா?’ என்று ஓரத்தில் இருந்தால், ‘யூஸ்ட் டு’ தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம்.

மாதக் கட்டணம் 1,200 ரூபாய். முன்பணம், சேர்க்கைக் கட்டணம் எதுவும் இல்லை. ரொக்கமாகவும் கொடுக்கலாம், போனிலும் அனுப்பலாம். ஒரு பேட்சுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பிளஸ் டூ மாணவர்களுக்குக் காலையில் தனி பேட்ச் இருக்கிறது, அதைப் பற்றி நான் சொல்ல முடியாது. முதல் வகுப்பை இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாம், பார்த்துவிட்டுச் சேருங்கள். ஏற்காடு பஸ்ஸில் வருகிறவர்கள் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பைக்கில் வருகிறவர்கள் கேட்டை மறித்து நிறுத்தாமல் எதிர்ச் சுவர் ஓரமாக விடுங்கள். கீழ் வீட்டு ஆட்டோ மூன்றரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பும்.